மருந்து போட்டும் போகாத பேன்: ஈசூன் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் ஈசூன் பகுதியில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அப்பா, அம்மா, தொடக்கநிலை 3 படிக்கும் மகள், தொடக்கநிலை 1 படிக்கும் மகன், அப்பாவைப் பெற்ற பாட்டி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து வீட்டு வேலை பார்க்கும் பெண். ஆறு பேர், ஆறு தலை. தீபாவளிக்கு முன்னால் இந்த வீட்டில் கண்டுபிடித்த பேன், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை பாதி கழிந்த பிறகுதான் ஒழிந்தது. ஆறில் ஒரு தலையை யாருமே பார்க்காமல் விட்டது அதற்குப் பாதிக் காரணம். நாள்கணக்கு தப்பியது மீதிப் பாதி. போட்ட மருந்தின்மேல் எனக்குப் பெரிய குறை இல்லை.

நான் மருந்தாளர். அவர்களும் நானும் ஒரே புளோக். மின்தூக்கியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு நேரத்தில் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, பேன் மருந்துலேயே ரொம்ப ஸ்ட்ராங்கா எது?” என்று கேட்டார். ஏற்கெனவே ஒன்று போட்டாயிற்று, போன மாதிரி போய்த் திரும்பவும் வந்துவிட்டது என்றார். அதற்கு முன் நடந்ததாக அவர்கள் சொன்னதையும், பின்னால் நான் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எழுதிக்கொள்ளச் சம்மதம் தந்தார்கள். இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எப்படித் தொடங்கியது

மகளுக்கு இடுப்புவரை முடி, அடர்த்தியும் அதிகம். பள்ளி விட்டதும் மாணவர் பராமரிப்பு நிலையம். வீட்டுக்கு வர மாலை ஏழாகும். செப்டம்பர் கடைசியில் தலையைச் சொறிய ஆரம்பித்திருக்கிறாள். பொடுகு என்று நினைத்து அதற்கான ஷாம்பூ வாங்கினார்கள். பிறகு வெயில், வியர்வை என்று கொஞ்ச நாள் ஓடிற்று. இங்கிருக்கும் வெக்கைக்கு யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அக்டோபர் நடுவில், எண்ணெய் தேய்க்க உட்காரவைத்த பாட்டி காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஈறு சரம் சரமா ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, இதைப் போய் பொடுகுங்கிறீங்க” என்றிருக்கிறார்.

பொடுகா ஈறா என்பதைப் பிரித்தறிவது சுலபம். பொடுகு விரலால் தட்டினால் உதிரும். முடியைச் சுற்றி உறை மாதிரி இருக்கும் வெள்ளைத் துகள்கள் சில சமயம் ஏமாற்றும். அவை இழுத்தால் முடியோடு வழுக்கிக்கொண்டு வரும். ஈறு நகராது. பெண் பேன் ஒருவகைப் பசையைச் சுரந்து முட்டையை முடித்தண்டில் ஒட்டிவிடுகிறது. நகத்தால் கிள்ளி உருவினால்தான் வரும்.

அரிப்பு தொடங்கிய நாளைப் பேன் ஏறிய நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேனின் எச்சிலுக்கு உடம்பு ஒவ்வாமை காட்டுவதால்தான் அரிக்கிறது. முதல்முறை பேன் ஏறும் குழந்தைக்கு அந்த ஒவ்வாமை வர 4 முதல் 6 வாரம்கூடப் பிடிக்கும். நாம் சொறிவதைப் பார்த்துத் தேட ஆரம்பிப்பதற்குள் அந்தத் தலையில் ஒரு தலைமுறையே பெருகியிருக்கும். ‘போன வாரம் யாரோடு விளையாடினாய்’ என்று பிள்ளையைக் குடைவதில் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

இந்த வீட்டிலும் குடைந்தார்கள். பள்ளியில் சுவிம்சேஃபர் நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் குளத்துத் தண்ணீர்மேல் ஒரு சந்தேகம். தண்ணீருக்குள் பேன் முடியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். குளோரினில் சாகவும் சாகாது, நீந்திப் போய் அடுத்தவர் தலையில் ஏறவும் ஏறாது. உடைமாற்றும் அறையில் துண்டைப் பகிர்வதும், தலையோடு தலை உரசப் பேசுவதும் வேண்டுமானால் கணக்கில் சேரும்.

இரண்டாவது சந்தேகம் வேலை பார்க்கும் பெண்மேல் விழுந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டு ஆகஸ்ட்டில் திரும்பியிருந்தார். முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருடைய தலையணை உறையைத் தனியாகத் துவைக்கச் சொன்னார்கள்; மகளுக்குத் தலை பின்னும் வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். வாய் திறக்காமலே தீர்ப்பு சொன்ன மாதிரிதான். சரி, அவர் தலையையாவது யாராவது பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை.

முதல் சுற்று

திருச்சியிலிருந்து வந்த சித்தி ஒருவர் கொண்டுவந்து கொடுத்த 1% பெர்மெத்ரின் லோஷன் ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. பேனுக்குப் பல நாடுகளில் முதலில் கொடுக்கும் மருந்து அதுதான். சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரினைப் பார்த்து ஆய்வகத்தில் செய்தது. பூச்சியின் நரம்பைத் தாக்கும். முடியை ஷாம்பூ போட்டு அலசி, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே தலை முழுக்கப் பூசி, 10 நிமிடம் விட்டு அலசவேண்டும்.

ஒரு சனிக்கிழமை இரவு பூசினார்கள். காலையில் வைத்த எண்ணெய் போக, கண்டிஷனரும் கலந்த ஷாம்பூவால் தலையை அலசி, அதன்மேல் மருந்து. அரை பாட்டில் மகளுக்கு; மிச்சத்தை மகனுக்கும் பாட்டிக்கும் பங்கு போட்டார்கள். மறுநாள் சீவியபோது செத்த பேன் நிறைய விழுந்தது. வாடை பிடிக்கவில்லை என்று மகள் முகம் சுளிக்க, ஞாயிறு காலையிலேயே மறுபடி ஷாம்பூ.

அப்புறம் வீட்டின்மேல் பாய்ந்தார்கள். ஞாயிறு முழுக்க அதே வேலை. மெத்தை விரிப்பு, திரை, சோபா உறை எல்லாம் துவைத்து, மூங்கில் கழி கொள்ளாமல் தாழ்வாரத்திலும் காயப்போட்டார்கள். சோபாவுக்குக் கரப்பான் பூச்சி ஸ்பிரே. தலையணை வைக்கும் அலமாரியில் அந்துருண்டை. பொம்மைகளை மூட்டை கட்டி சேமிப்பறையில் போட்டார்கள், மகன் அழுதிருக்கிறான். அப்பா லீவு போடாத குறைதான்.

பெர்மெத்ரினை ஒன்பதாம் நாள் இன்னொரு முறை போடவேண்டும். அந்த ஒன்பதாம் நாள் தீபாவளிக்கு முந்தின நாளாக வந்து சேர்ந்தது. பலகாரம், கோலம், தேக்காவில் கடைசி நேரப் பூவும் பழமும். மருந்து யாருக்கு நினைவிருக்கும்? பாட்டிலும் காலி. தீபாவளி இரவு செங்காங்கில் அம்மாவின் அண்ணன் வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். அடுத்த வாரம் மகள் மறுபடி சொறிய ஆரம்பித்தாள்.

நாள்கணக்கு

மின்தூக்கியில் அவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் மருந்துக்குச் சக்தி போதவில்லை என்ற பேச்சு தானாகவே அடங்கிவிட்டது.

பேனின் ஆயுள் ஏறக்குறைய 30 நாள். முட்டை பொரிய 6 முதல் 9 நாள். வெளிவரும் குஞ்சு மூன்று முறை தோலுரித்து, இன்னும் 9 முதல் 12 நாளில் முழுப் பேனாகி, அதுவும் முட்டையிட ஆரம்பிக்கும். ஒரு பெண் பேன் நாளுக்கு 6 முதல் 10 முட்டை இடும். மருந்து நரம்பைத் தாக்குகிறது என்றேன் அல்லவா? புதிதாக இட்ட முட்டைக்குள் முதல் சில நாட்களில் நரம்பே உருவாகியிருக்காது. தாக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதனால் முதல் பூச்சு பேனைக் கொல்லும், முட்டையில் ஒரு பங்கை விட்டுவிடும். அந்த முட்டையெல்லாம் பொரிந்து முடிந்து, பொரிந்தது எதுவும் முட்டையிடும் வயதுக்கு வராத ஓர் இடைவெளி இருக்கிறது. இரண்டாம் பூச்சை ஒன்பதாம் நாள் என்று வைத்திருப்பது அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான். அதைத் தவறவிட்டால் முதல் பூச்சும் வீண். ‘ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கி’ என்று ஊதிப் பெரிதாக்குகிறவர்களைச் சொல்வோம். இந்த வீட்டில் ஈறு தானாகவே பேனாகியிருக்கிறது, யாரும் ஊதவே வேண்டியிருக்கவில்லை.

இன்னும் இரண்டு சறுக்கல் உண்டு. பெர்மெத்ரின் முடியில் கொஞ்சம் படிந்து நின்று, பிறகு பொரிந்து வரும் குஞ்சுகளையும் பிடிக்கும். முடியில் கண்டிஷனர் இருந்தால் அப்படிப் படியாது. அடுத்த ஒன்றிரண்டு நாளுக்குள் ஷாம்பூ போட்டாலும் போய்விடும். தினமும் தலைக்குக் குளிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இது பெரிய சிக்கல். மருந்துக்கு முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும். மற்றது அளவு. இடுப்பளவு அடர்ந்த முடிக்கு அரை பாட்டில் எந்த மூலைக்கு? வேர்வரை நனையாத இடத்தில் பேன் சௌகரியமாக இருக்கும்.

பெர்மெத்ரினுக்கு அடங்காத பேன்கள் பல நாடுகளில் பெருகியிருப்பதும் உண்மைதான். அதை அறிய ஒரு வழி இருக்கிறது. மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பார்க்கவேண்டும். செத்ததே இல்லை, எல்லாம் முன்போலச் சுறுசுறுப்பாக ஓடுகிறது என்றால் மருந்து எடுபடவில்லை. வேறு வகைக்கு மாறலாம். இவர்கள் வீட்டில் மறுநாள் காலை செத்த பேன் கொட்டியது. ஆகவே இங்கே அந்தக் கதை இல்லை.

வீட்டைச் சுத்தம் செய்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்லவேண்டும். தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் இல்லாமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். ஈறுக்குத் தலையின் சூடு வேண்டும்; தரையில் கிடந்து பொரியாது. கடைசி இரண்டு நாளில் தலை பட்ட விரிப்பு, தலையணை உறை, துண்டு இவற்றை 54 டிகிரி செல்சியசுக்கு மேலான வெந்நீரில் துவைத்தாலோ உலர்த்தியின் அதிகச் சூட்டில் போட்டாலோ போதும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி இரண்டு வாரம் வைக்கலாம். சீப்பை வெந்நீரில் ஊறவைக்கலாம். திரைச்சீலைக்கும் பேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிள்ளைகள் முகம் புதைத்துப் படுக்கும் சோபாவில் கரப்பான் ஸ்பிரே அடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அந்துருண்டையைக் கேட்டதும்தான் எனக்குப் பகீரென்றது. மகனின் சுகாதாரப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அவனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் நொதி ஒன்றின் குறைவு, என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை நடக்கிறது. குறைபாடு இருந்தால் அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆகாது என்று பெற்றோரிடம் சொல்லியே அனுப்புவார்கள். அதன் ஆவி பட்டாலே இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையக்கூடும். அந்த எச்சரிக்கை அம்மாவுக்குத் தெரியும். அந்துருண்டை போட்டது அப்பா. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரியை அன்றே காலி செய்து துடைத்து, தலையணைகளை மாற்றினார்கள். தலைப் பேன் கடித்து உயிருக்கு ஆபத்து வருவது மிக அரிது. அது நோய் எதையும் பரப்புவதும் இல்லை. அதை விரட்டுகிறேன் என்று வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் பல சமயம் ஆபத்து.

பாட்டியின் பக்கம்

பாட்டியிடம் மூன்று யோசனைகள் இருந்தன. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது முதலாவது. பேன் சாகும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த விதைப்பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும்; தலைக்குப் பூசியது கண்ணில் வழிந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இந்தியாவிலும் தாய்லாந்திலும் உண்டு. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைப்பது இரண்டாவது. கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரக்கூடியது; தோல் வழியாகவும் உள்ளே போகும், எண்ணெய் பட்ட விரல் வாய்க்கும் போகும். மண்ணெண்ணெய் மூன்றாவது. தீப்பிடிக்கும் என்ற ஒரு காரணமே அதை ஒதுக்கப் போதும். பூச்சிக்கொல்லி வகையில் மாலத்தியான் லோஷன் என்று ஒன்று உண்டு. அதிலும் ஆல்கஹால் கலந்திருப்பதால் ஹேர் டிரையர் பக்கமோ அடுப்பு பக்கமோ போகக்கூடாது என்று சொல்லித்தான் கொடுப்போம்.

இவ்வளவும் சொன்னதில் பாட்டிக்கு வருத்தம். “அப்ப நாங்க எல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களா?” என்றார். தெரிந்தவர்தான். அவருடைய சுருக்குப்பையில் இருந்த ஈர்வலியை எடுத்துக் காட்டினார். மரத்தில் செய்தது, பல் இரண்டு தேய்ந்துபோயிருந்தது. மடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, தலையைக் கவிழச் சொல்லி, பிடரியிலிருந்து முன்னோக்கி வாருவதை அவர் செய்து காட்டியபோது, கடைசியில் நான் சொல்ல வந்ததும் அதுவாகத்தான் இருந்தது. இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய நகரில் கிடைத்த யானைத்தந்தச் சீப்பு ஒன்றைப் பற்றி 2022இல் செய்தி வந்தது. சுமார் 3,700 ஆண்டு பழமையானது. முடியிலும் தாடியிலும் இருக்கும் பேனை இது வேரறுக்கட்டும் என்று அதில் பொறித்திருந்தது. பாட்டிக்கு இதைச் சொன்னேன். “பின்னே? சீப்பு இல்லாம?” என்றார்.

ஆனால் பாட்டிக்குக் கண்ணில் புரை. சீவத் தெரியும், சீப்பில் வந்ததைப் பார்க்க முடியாது. அதனால் சீவும் பொறுப்பு வேலை பார்க்கும் பெண்ணிடம் போனது. ஊரில் நான்கு தங்கைகளுக்குப் பேன் பார்த்து வளர்ந்தவர் அவர். வீட்டில் எல்லாரையும்விட அவருக்குத்தான் இது கைவந்த வேலை. ஒரு மாதமாக மகளின் தலையைத் தொடவிடாமல் வைத்திருந்ததும் அவரைத்தான்.

இரண்டாம் சுற்று

இந்தத் தடவை மருந்தை ஓரம் வைத்து, ஈரச் சீவலை எடுத்துக்கொண்டோம். மகளின் பிடரியில் சொறிந்த இடம் புண்ணாகிப் பொருக்குத் தட்டியிருந்தது. கழுத்தில் நெறியும் கட்டியிருந்தது. புண்ணின்மேல் லோஷன் பூசுவதில் எனக்கு விருப்பமில்லை. முதலில் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். கிருமித் தொற்றுக்கு மருந்து கொடுத்தார்கள், நெறி ஒரு வாரத்தில் வடிந்தது. சிலிகோன் வகையைச் சேர்ந்த டைமெத்திகோன் பற்றியும் பேசினோம். அது நரம்பைத் தொடாது. பேனை முழுக்கப் பூசி மூடியே கொல்லும். அதனால் பெர்மெத்ரினுக்கு அடங்காததும் இதில் தப்பாது. சீவல் பலிக்காவிட்டால் அது என்று பேசிவைத்துக்கொண்டோம்.

காய்ந்த முடியில் பேன் பார்ப்பது கண்கட்டு வித்தை. விளக்கு வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளியும். நிமிடத்துக்கு ஒரு சாண் தூரம் ஓடக்கூடியது. முடி நனைந்திருந்தால் அசையாது. மேலே தாராளமாகக் கண்டிஷனர் தடவினால் சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும், பேனின் பிடியும் தளரும். சாதாரணச் சீப்பால் முதலில் சிக்கெடுத்து, முடியைச் சிறு சிறு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை இழுக்கவேண்டும். சீப்பு உலோகமாக இருந்தால் நல்லது. பல்லுக்குப் பல் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பிளாஸ்டிக் பல் வளைந்து கொடுத்துவிடும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பார்க்கவேண்டும். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள். அதுதான் அட்டவணை. குளிர்சாதனப் பெட்டியின்மேல் நாள்காட்டியை ஒட்டி, நான்கு தேதியையும் மகளையே வட்டமிடச் சொன்னோம். முதல் நாள் ஆறு தலையையும் பார்க்கவேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை.

அம்மா தயங்கினார். “எனக்கு ஒண்ணுமில்ல அக்கா. டை போட்டா எனக்குக் கொஞ்சம் அரிக்கும், அது எப்பவும் உள்ளதுதான்.” அப்பாவுக்கு ஒட்டவெட்டிய முடி, சீப்பில் எதுவும் இல்லை. பாட்டியிடமும் இல்லை. மகனிடம் ஒன்றிரண்டு. வேலை பார்க்கும் பெண்ணின் தலையை நான் சீவினேன். நீளமான முடி, ஒரு ஈறுகூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கையைக் கழுவிவிட்டு, “அக்கா, நீங்க உட்காருங்க” என்று அம்மாவுக்கு முக்காலியைப் போட்டார்.

முதல் இழுப்பிலேயே டிஷ்யூவில் மூன்று. எள் அளவில், சாம்பலும் பழுப்புமான நிறத்தில், அதில் ஒன்றின் வயிற்றில் அப்போதுதான் குடித்த இரத்தம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஆறு காலும் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்த வீட்டில் எல்லார் தலையையும் பார்ப்பவர் அவர். அவர் தலையைப் பார்க்க யாரும் இல்லை. அப்பாவுக்கு இரவுப் பணி வரும் நாட்களில் மகள் தூங்குவது அம்மாவின் தோளில்தான். முதல் சுற்றில் மருந்து பங்கு போட்டபோதும் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. டை போடுவதால் பேன் வராது என்று வேறு நம்பியிருந்தார். டை எல்லாப் பேனையும் கொன்றுவிடாது, ஈறை நம்பகமாகக் கொல்லவும் கொல்லாது.

ஐந்தாம் நாள் மகள், அம்மா இருவர் தலையிலிருந்தும் வந்தவை பொடிப்பொடியானவை, குண்டூசித் தலையளவு. அதைப் பார்த்து அம்மா இடிந்துபோனார். எனக்கு அது நல்ல செய்தி. விட்டுப்போன முட்டைகள் பொரிகின்றன, பெரியது ஒன்றும் மிச்சமில்லை என்று அதற்கு அர்த்தம். சீவலில் இந்த அளவு வித்தியாசத்தைக் கவனிப்பது முக்கியம். முதல் நாள் ஒழுங்காகச் சீவிய தலையில் அதற்குப் பிறகு முழு வளர்ச்சியடைந்த பேன் கிடைத்தால், அது அந்தத் தலையில் வளர நாள் போதாது. வேறு தலையிலிருந்து ஏறியிருக்கவேண்டும்.

ஒன்பதாம் நாள் மகளின் தலையில் அப்படிப் பெரியதாக ஒன்று கிடைத்தது. அம்மாவின் தலையில் குஞ்சு மட்டும். மகனுக்கு ஒன்றுமில்லை. வேலை பார்க்கும் பெண்தான் முதலில் கேட்டார்: “பாப்பா எங்கயாச்சும் போயி தங்குச்சா?” பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. முந்தின இரவு செங்காங்கில், மாமா வீட்டில் தங்கிவிட்டு அன்று மதியம்தான் வந்திருந்தாள்.

யாரிடம் சொல்வது

மாணவர் பராமரிப்பு நிலையத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அங்கிருந்த ஆசிரியை பெயர் சொல்லாமல் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு செய்தி அனுப்பினார். விடுமுறைக் கால விளையாட்டுகளில் தொப்பிகளைப் பொதுவில் போடுவதை நிறுத்தினார். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதுதான் முறை. பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் சொல்கிறது. கண்டுபிடிக்கிற அன்றைக்கு அந்தப் பேன் சில வாரமாக அந்த வகுப்பில்தான் இருந்திருக்கும். ஒரு நாள் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அம்மா பொதுவாக ஒரு வரி போட்டார். பதிலே இல்லை. தனியாக மட்டும் இரண்டு பேர் ‘என்ன சீப்பு வாங்கினீங்க’ என்று கேட்டார்கள்.

பேன் என்றால் அழுக்கு வீடு என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்கான தலை என்ற பேதம் இல்லை. பற்றிக்கொள்ளத் தலைமுடியும், குடிக்க இரத்தமும், சூடும் கிடைத்தால் சரி. தத்தவோ பறக்கவோ தெரியாததால் தலையோடு தலை ஒட்டினால்தான் அதற்கு வழி. ஒரே கைப்பேசியைச் சுற்றி நான்கு பிள்ளைகள் குனிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வருகிறது.

அண்ணன் வீட்டுக்குச் சொல்வதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. “அண்ணி என்ன நினைப்பாங்க? நம்ம வீட்லேருந்துதான் போச்சுன்னு ஆயிடும்.” போயிருக்கவும் கூடும், வந்திருக்கவும் கூடும். தீபாவளி இரவுப் பாயில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பேசினார்.

பதின்மூன்றாம் நாள் இந்த வீட்டில் யார் தலையிலும் எதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் பெரிய பேன் வந்ததால் மகளுக்குக் கணக்கை அங்கிருந்து புதிதாகத் தொடங்கி, மேலும் நான்கு நாளுக்கு ஒருமுறையாகச் சீவச் சொன்னேன். தொடர்ந்து மூன்று சீவலில் ஒன்றும் வராவிட்டால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் அம்மா என் கடைக்கே வந்து, ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு பூச்சிக்கொல்லி லோஷன் கேட்டார். இன்னும் அரிக்கிறதாம்; முடியில் வெள்ளை வெள்ளையாக ஈறும் தெரிகிறதாம். தலையைப் பார்த்தேன். வேரிலிருந்து விரற்கடை தள்ளி இருந்தவை எல்லாம் காலிக் கூடுகள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உயிருள்ள ஈறு தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள், பழுப்பாக இருக்கும். தள்ளிப்போய் வெள்ளையாகத் தெரிவது பழைய கதை. அரிப்பு பேன் போன பிறகும் இரண்டு வாரம்வரை இருக்கலாம். உயிருள்ள பேன் ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் மருந்து போட்டால் தோல்தான் எரியும். லோஷனை விற்கவில்லை. காலிக் கூடு கண்ணை உறுத்துகிறது என்றால் உருவி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

செங்காங்கிலிருந்து அண்ணி சொன்ன பதில் இது: அவர்கள் வீட்டில் இரண்டு பெண்களுக்கும் தீபாவளிக்கு முன்பே பேன். மருந்து வாங்கி ஒருமுறை போட்டு, போய்விட்டது என்று நினைத்து, யாரிடமும் வாய் திறக்கவில்லை. ‘நீ என்ன நினைப்பியோன்னு சொல்லல’ என்றாராம். இரண்டாம் முறை போடவேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு அங்கே நான்கு தலை, இங்கே ஆறு தலை, ஒரே நாளில் சீவினார்கள். புதுக்கோட்டைப் பெண் இங்கே முடித்துவிட்டுச் செங்காங்குக்கும் போனார். அம்மாதான் காரில் கூட்டிப்போனார். மகளுக்கு இப்போது தலை பின்னுவதும் அந்தப் பெண்தான்.